திரையில் காட்டும் தூரம், சக்கரம் உருண்ட தூரம்

ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில், அவுட்டர் ரிங் ரோட்டை ஒட்டி, 23 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சைக்கிள் தடம் இருக்கிறது. 2023 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. நானக்ராம்குடாவிலிருந்து தெலங்கானா போலீஸ் அகாடமி வரை எட்டரை கிலோமீட்டர், நார்சிங்கியிலிருந்து கொல்லூர் வரை பதினான்கரை கிலோமீட்டர் என இரண்டு பகுதிகள். அகலம் நாலரை மீட்டர். தலைக்கு மேலே சூரிய மின்தகடுகள் பதித்த கூரை. 16 மெகாவாட் மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்கிட்டு அமைத்திருக்கிறார்கள். தென்கொரியாவில் நெடுஞ்சாலை நடுவே இதேபோல் ஒரு தடம் உண்டு; அதைப் பார்த்துத்தான் இங்கும் திட்டமிட்டார்கள். வெயிலும் மழையும் படாமல் சைக்கிள் ஓட்ட இந்தியாவில் இப்படியொரு வசதி அரிது.

ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே ஓட்டுகிறவர்கள் தங்கள் கைப்பேசியையோ கைக்கடிகாரத்தையோ பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும். பக்கத்திலேயே ஓட்டி வந்த இருவரின் கணக்கு ஒத்துப்போகாது. ஒருவருக்குத் தூரம் கூடியிருக்கும், இன்னொருவருக்குக் குறைந்திருக்கும். வரைபடத்தைத் திறந்தால், நேராக ஓட்டிய தடம் இடமும் வலமுமாக நெளிந்து, சில இடங்களில் ரிங் ரோட்டின் நடுவிலேயே ஏறி இறங்கியிருக்கும். எந்தக் கருவி சரி? எதை நம்பி அடுத்த வாரத்துக்கு வழி தேர்ந்தெடுப்பது?

கருவிகள் எப்படி அளக்கின்றன, எங்கே தவறுகின்றன என்று தெரிந்தால் இரண்டு கேள்விக்கும் விடை கிடைக்கும். அந்த விடையைத் தேட ஹைதராபாத் பொருத்தமான ஊர். நிலத்தை அளக்கும் வேலை இந்த ஊரில் இருநூறு ஆண்டுகளாக நடந்து வருகிறது.

இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து

மின்னல் வெட்டியதும் இடி கேட்கும் வரை ஒன்று, இரண்டு என்று எண்ணி, மின்னல் எவ்வளவு தொலைவில் விழுந்தது என்று கிராமத்தில் கணக்குச் சொல்வார்கள். ஜிபிஎஸ் செய்வதும் அதே கணக்குத்தான். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், தாங்கள் இருக்கும் இடத்தையும் அந்தக் கணத்தின் நேரத்தையும் ரேடியோ அலையில் இடைவிடாமல் அனுப்புகின்றன. அந்தச் செய்தி எவ்வளவு நேரம் கழித்து வந்து சேர்ந்தது என்பதை வைத்துத் தொலைவைக் கணக்கிடுகிறது நம் கையிலுள்ள கருவி. குறைந்தது நான்கு கோள்களின் தொலைவு தெரிந்தால் நாம் நிற்கும் இடமும் உயரமும் சரியான நேரமும் கிடைத்துவிடும்.

ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் வருகிறது. ஒரு வினாடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரத்துக்குள் அது 30 சென்டிமீட்டர் கடந்துவிடும். நேரத்தில் அவ்வளவு சின்னப் பிசகு வந்தாலும் தூரத்தில் ஓரடி பிசகும். கோள்களில் அணுக் கடிகாரங்களை வைத்திருப்பது இதனால்தான்.

அமெரிக்க ராணுவத்துக்காக உருவான இந்த அமைப்பில், பொதுமக்களுக்கான சமிக்ஞையின் துல்லியத்தை முன்பு வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தார்கள். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தத் தடை நீக்கப்பட்டது. அதன் பிறகுதான் சைக்கிள் கைப்பிடியில் மாட்டும் கருவிகளும், பயணங்களைப் பதிந்து பகிரும் ஸ்ட்ராவா போன்ற செயலிகளும் பெருகின. இன்று திறந்தவெளியில் ஒரு சாதாரணக் கைப்பேசி சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டும் என்று அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தகவல் பக்கமே சொல்கிறது.

ஐந்து மீட்டர் என்பது எந்தத் தெருவில் இருக்கிறோம் என்று அறியப் போதும். சர்வீஸ் ரோட்டில் இருக்கிறோமா, அதை ஒட்டிய சைக்கிள் தடத்தில் இருக்கிறோமா என்று பிரித்தறியப் போதாது. அதுவும் திறந்தவெளிக் கணக்கு.

கூரையும் கண்ணாடியும் வானமும்

சமிக்ஞை பூமிக்கு வந்து சேரும்போது மிக மிகப் பலவீனமாகிவிடுகிறது. உலோகம் அதைத் தடுத்துவிடும். சூரிய மின்தகடுகளில் அலுமினியச் சட்டமும் உலோகப் பூச்சும் உண்டு. அவற்றைத் தாங்குவது இரும்புச் சட்டகம். கூரைக்கு நேர் மேலே நிற்கும் கோள்களின் சமிக்ஞை இவற்றைத் தாண்டிக் கீழே இறங்குவது கடினம். பக்கவாட்டில் திறப்பு இருப்பதால், அடிவானத்தை ஒட்டி நிற்கும் கோள்கள் மட்டும் தெரியும். அப்படிச் சாய்வாக வரும் அலை காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் பயணிக்கிறது. வழியில் கம்பங்களிலும் வாகனங்களிலும் பட்டுத் திரும்பியும் வருகிறது. மேலே உள்ள கோள்கள் கணக்கில் சேராததால் உயரத்தை அளப்பது இன்னும் மோசமாகிறது.

மாதாப்பூர், ஹைடெக் சிட்டி பக்கம் வேறு வகையான தொல்லை. அங்கே உயர்ந்து நிற்கும் கண்ணாடிக் கட்டடங்கள் அலையைத் திருப்பி அனுப்புகின்றன. நேரே வந்திருக்க வேண்டிய சமிக்ஞை சுவரில் பட்டுச் சுற்றி வந்தால், கூடுதலாகக் கடந்த தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறது கருவி. சைக்கிள் சாலையில் போகும், பதிவில் அது அலுவலகக் கட்டடத்துக்குள் போயிருக்கும். மேம்பாலத்துக்கு அடியில் ஓட்டுவோருக்கும் இதே கதிதான்.

மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. பூமியைச் சுற்றியுள்ள அயனி மண்டலம் ரேடியோ அலையைத் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. காந்த நடுக்கோடு நம் திருநெல்வேலிப் பக்கமாகச் செல்கிறது. அங்கிருந்து வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, மத்திய இந்தியாவின் மேலே, மின்துகள்கள் அதிகம் குவிகின்றன. ஹைதராபாத் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வானத்தின் கீழ் இருக்கிறது. நண்பகலுக்குப் பின் துகள்கள் அடர்த்தியாகும். சூரியன் மறைந்த பிறகு சில நாட்களில் சமிக்ஞையே தடுமாறும். விடியற்காலையில்தான் இந்த மண்டலம் மிக மெலிந்திருக்கும். சைக்கிள்காரர்கள் கிளம்பும் நேரமும் அதுதான் என்பதால் இந்தத் தொல்லை அவர்களுக்குக் குறைவு. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் வழிகாட்டு மின்னணுவியலுக்கென்றே ஓர் ஆய்வு மையம் உண்டு; அயனி மண்டலம் ஜிபிஎஸ்ஸை எப்படிப் பாதிக்கிறது என்று அங்கே நெடுங்காலமாக ஆராய்கிறார்கள்.

இரண்டு அலைவரிசைகளில் சமிக்ஞையைப் பெறும் கருவிகள் இந்தத் தாமதத்தைத் தாமே கணக்கிட்டுக் கழித்துவிடும். அலைவரிசைக்கேற்ப தாமதம் மாறும் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டால் பிழையின் அளவு தெரிந்துவிடுகிறது. 2018இல் வந்த ஷாவ்மி மி 8 இந்த வசதியோடு வெளியான முதல் கைப்பேசி. இன்று விலை உயர்ந்த சைக்கிள் கருவிகளிலும் கடிகாரங்களிலும் இது கிடைக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பும் அலையை நேரே வரும் அலையிலிருந்து பிரித்தறியவும் இந்த இரண்டாவது அலைவரிசை உதவுகிறது. இஸ்ரோவின் வழிகாட்டு அமைப்பான நாவிக்கின் கோள்கள் இந்தியாவின் தலைக்கு மேல் உயரமாக நிற்பவை என்பதால், உயர்ந்த கட்டடங்களுக்கு இடையில் அவை கூடுதல் துணை. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01 முதல், சாதாரணக் கைப்பேசிகள் பயன்படுத்தும் அலைவரிசையிலும் நாவிக் சமிக்ஞை வருகிறது. மின்தகட்டுக் கூரையை மட்டும் அதனாலும் ஊடுருவ முடியாது.

தூரம் கூடுவதும் குறைவதும்

பதிவில் தூரம் பிசகுவதற்கு இரண்டு காரணங்கள். இரண்டும் எதிரெதிர் திசையில் இழுப்பவை.

முதலாவது நெளிவு. நேர்கோட்டில் செல்லும் சைக்கிளின் இடத்தை ஒவ்வொரு வினாடியும் இரண்டு மீட்டர் இடமோ வலமோ தள்ளிக் குறித்தால், அந்தப் புள்ளிகளை இணைக்கும் கோடு நேர்கோட்டை விட நீளமாகத்தான் இருக்கும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கட்டுரையில் இதைக் கணித முறையில் நிறுவினார்கள். இடத்தைக் குறிப்பதில் பிழை இருக்கும் வரை, ஜிபிஎஸ் சராசரியாகத் தூரத்தைக் கூட்டியே காட்டும் என்பது அவர்கள் முடிவு.

இரண்டாவது குறுக்கு வெட்டு. பேட்டரியை மிச்சப்படுத்த சில கருவிகள் சில வினாடிகளுக்கு ஒருமுறைதான் புள்ளி குறிக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் நகர்கிறோம். ஐந்து வினாடியில் 40 மீட்டர். விகாராபாத்தை அடுத்த அனந்தகிரி மலைச்சாலையின் வளைவில் அப்படி இரண்டே புள்ளிகள் விழுந்தால், வளைவை விட்டுவிட்டுக் குறுக்கே கோடு போட்டுவிடும் கருவி. தூரம் குறைந்துவிடும்.

ஒரே பயணத்தில் நகரத்துக்குள் கூடி, மலையில் குறைந்து, முடிவில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிச் சரியான எண் மாதிரித் தெரிவதும் நடக்கும். மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

வேகத்தில் பிழை இன்னும் பெரிதாகத் தெரியும். ஒரு வினாடியில் புள்ளி பத்து மீட்டர் தவறித் தாவினால், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் இல்லாத இடத்தில் முளைத்துவிடும். அதிகபட்ச வேகம் என்று திரையில் மின்னும் எண் பெரும்பாலும் இப்படிப் பிறந்ததுதான். ஸ்ட்ராவாவில் ஒரு சாலைத் துண்டை யார் விரைவாகக் கடந்தார் என்று பட்டியல் போடுவார்கள். 500 மீட்டர் துண்டை அதே 36 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் 50 வினாடி ஆகும். தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்தைந்து மீட்டர் பிசகினாலே ஒரு வினாடி கூடலாம், குறையலாம். அந்த ஒரு வினாடிக்காக நெரிசலான சாலையில் உயிரைப் பணயம் வைப்பதில் பொருளே இல்லை.

இதற்கு எளிய தீர்வு சக்கரத்திலேயே இருக்கிறது. சக்கர மையத்தில் மாட்டும் சின்ன உணரி ஒவ்வொரு சுற்றையும் எண்ணும். வானம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், கூரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. சக்கரத்தின் சுற்றளவை மட்டும் சரியாகக் கொடுக்க வேண்டும். 700-25 அளவு டயருக்குச் சுமார் 2,105 மில்லிமீட்டர் என்று அட்டவணை சொல்லும். காற்றழுத்தமும் ஓட்டுபவரின் எடையும் அதை மாற்றும். இரண்டு சென்டிமீட்டர் தவறினால் ஒரு சதவீதம் பிசகும். நூறு கிலோமீட்டரில் ஒரு கிலோமீட்டர். வால்வு நேர் கீழே வரும் இடத்தில் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வண்டியில் அமர்ந்தபடியே சில சுற்றுகள் உருட்டி, டேப்பால் அளந்து வகுத்தால் தங்கள் சக்கரத்தின் உண்மையான அளவு கிடைத்துவிடும்.

மாரத்தான் பாதைகளைச் சான்றளிப்பதற்கு உலகெங்கும் இன்றும் பயன்படுவது சைக்கிள்தான். ஜோன்ஸ் கவுண்டர் என்ற சக்கர எண்ணியை முன்சக்கரத்தில் பொருத்தி, இரும்பு டேப்பால் அளந்த நேர்சாலையில் அதைச் சரிபார்த்து, பிறகு ஓட்டப் பாதை முழுவதையும் வளைவுகளின் உள்விளிம்பை ஒட்டி அளக்கிறார்கள். பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்துக்கு ஒன்று வீதம் கூட்டியும் வைக்கிறார்கள். முழு மாரத்தானுக்கு 42 மீட்டர். ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடக்கும் ஹைதராபாத் மாரத்தானில், மேம்பாலங்களையும் கட்டட வரிசைகளையும் கடந்து முடிவுக் கோட்டுக்கு வருபவர்கள் தங்கள் கடிகாரத்தில் 42.195 கிலோமீட்டருக்கு மேல் பார்த்தால், பாதையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இல்லாத ஏற்றங்கள்

தக்காண பீடபூமியில் ஐநூறு மீட்டருக்கு மேல் அமைந்த ஊர் ஹைதராபாத். கருங்கல் பாறைகளுக்கு இடையே ஏறி இறங்கும் சாலைகள். ஜூப்ளி ஹில்ஸ், பஞ்சாரா ஹில்ஸ் தெருக்களில் ஒரு மணி நேரம் ஓட்டினாலே தொடை வலிக்கும். அதனால் இங்கே சைக்கிள் ஓட்டுவோர் தூரத்துக்கு இணையாக ஏற்றத்தையும் பேசுவார்கள். ஆனால் கருவிகள் மிக மோசமாக அளப்பது அந்த ஏற்றத்தைத்தான்.

எல்லாக் கோள்களும் நமக்கு மேலேயே இருக்கின்றன. கீழே ஒன்றும் இல்லை. அதனால் உயரத்தில் வரும் பிழை இடத்தில் வரும் பிழையை விட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு இருக்கும். இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. ஜிபிஎஸ் தரும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அளந்தது அல்ல. பூமிக்குக் கணிதம் கொடுத்த வழுவழுப்பான ஒரு வடிவத்திலிருந்து அளந்தது. இந்தியப் பகுதியில் ஈர்ப்பு விசை குறைவு என்பதால், நிஜக் கடல் மட்டம் அந்த வடிவத்துக்குப் பல மீட்டர் கீழே கிடக்கிறது. உப்பல் சாலையிலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தில் நிரந்தரமாக நிறுவப்பட்ட ஒரு ஜிபிஎஸ் நிலையம் இருக்கிறது. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்வதைக் காட்டும் நிலையங்களில் அதுவும் ஒன்று. அதன் உயரம் கணித வடிவத்தின்படி சுமார் 442 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து பார்த்தால் அதை விட எழுபது மீட்டருக்கும் மேல் அதிகம். இந்த வித்தியாசத்தைத் திருத்தாத செயலியில் ஹைதராபாத் முழுவதுமே எழுபது மீட்டர் தாழ்ந்து தெரியும்.

காற்றழுத்தமானி உள்ள கருவிகள் இன்னும் நம்பகமானவை. இங்கே ஒன்பது மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு மில்லிபார் குறையும். சின்ன மேட்டையும் பள்ளத்தையும் அது பிடித்துவிடும். ஆனால் மழை வரும் முன் வானிலை மாறினால், நின்ற இடத்திலேயே மேடு ஏறியதாகவும் அது காட்டும்.

அழுத்தமானி இல்லாத கைப்பேசிக்கு, செயலி ஒரு நிலப்பட உயரக் கணக்கை எடுத்து ஒட்டும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடார் மூலம் எடுத்த உலக உயர வரைபடம் இதற்குப் பல இடங்களில் அடிப்படை. துர்கம் செருவு ஏரியின் மேல் கம்பிவடப் பாலம் திறந்தது 2020 செப்டம்பரில். இருபது ஆண்டுக்கு முந்தைய வரைபடத்துக்கு அங்கே பாலம் இல்லை, ஏரியின் நீர்மட்டம் மட்டுமே. அந்தக் கணக்கை நம்பினால், பாலத்தில் சமமாக ஓட்டியவர் ஏரிக்குள் இறங்கி மறுகரையில் ஏறியதாகப் பதிவாகும். நகரின் ஒவ்வொரு மேம்பாலத்திலும் இதே சிக்கல்.

ஒன்றை இன்னொன்றால் சரிபார்த்தவர்கள்

ஹைதராபாத்தின் நில அளவைக் கதை தொடங்குவது சென்னையில். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் நூறு அடி எஃகுச் சங்கிலியால் நிலத்தை அளக்கத் தொடங்கினார். பன்னிரண்டு கிலோமீட்டர் அடிக்கோடு. வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியைப் பெட்டிகளில் வைத்து, நிழல் கொடுத்து, வெப்பமானி பார்த்துத் திருத்தினார்கள். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணங்களாக விரிந்த அளவீடு தெற்கே குமரி முனைப் பக்கமும் வடக்கே ஹைதராபாத்தைத் தாண்டியும் போனது. முக்கோணங்கள் மூலம் வந்த கணக்கு சரியா என்று பார்க்க, வழியில் புதிய அடிக்கோடுகளை மறுபடியும் சங்கிலியால் அளந்தார்கள். 1815இல் பீதர் அருகே அளந்தது அப்படி ஒன்று. லாம்டன் ஹைதராபாத்தை மையமாகக் கொண்டு வேலை செய்த காலத்தில், 1818இல், அவருக்கு உதவியாளராக வந்து சேர்ந்தவர்தான் ஜார்ஜ் எவரெஸ்ட்.

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு அவர்கள் விட்டுச்சென்ற பாடம் நேரடியானது. எந்த அளவையும் அதே கருவியால் சரிபார்க்க முடியாது. வேறு வழியில் வந்த இன்னோர் அளவு வேண்டும். கோளின் தூரத்தைச் சக்கரம் சரிபார்க்கட்டும். கோளின் உயரத்தைக் காற்றழுத்தம் சரிபார்க்கட்டும். வரைபடம் காட்டும் வழியை அந்தச் சாலையில் போய் வந்த மனிதர்கள் சரிபார்க்க வேண்டும்.

வழி தேர்ந்தெடுக்கும்போது

158 கிலோமீட்டர் நீளமுள்ள அவுட்டர் ரிங் ரோடு வரைபடத்தில் அகலமாக, நேராக, மேடுபள்ளம் குறைவாகத் தெரியும். அதன் பிரதான சாலையில் சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அனுமதி கிடையாது. சைக்கிள்காரர்கள் போவது இருபுறமும் உள்ள சர்வீஸ் ரோடுகளில். அவற்றில் எதிர்த்திசையில் வரும் வண்டிகளும், மணல் சிந்திச் செல்லும் டிப்பர்களும், சந்திப்புகளில் திடீரென்று முடிந்துபோகும் சாலையும் உண்டு. இதில் எதையும் செயலி போட்டுத்தரும் நீலக்கோடு சொல்லாது.

பல செயலிகள் வழி கணக்கிடுவது ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற தன்னார்வலர் வரைபடத்தை வைத்து. ஒரு சாலை தார் போட்டதா, மண் சாலையா, சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்று யாராவது அதில் குறித்திருந்தால் செயலிக்குத் தெரியும். குறிக்காவிட்டால் ஊகிக்கும். ஊகம் தவறினால் மெல்லிய டயர் போட்ட வண்டியோடு கரிசல் சேற்றில் நிற்க வேண்டியதுதான்.

ஸ்ட்ராவா வெளியிடும் வெப்ப வரைபடம் நல்ல துணை. எந்தச் சாலையில் அதிகம் பேர் ஓட்டியிருக்கிறார்கள் என்பதைக் கோடுகளின் பிரகாசத்தில் காட்டும். உஸ்மான் சாகர் எனப்படும் கண்டிப்பேட்டை ஏரி, ஹிமாயத் சாகர், சிலுக்கூர் பாலாஜி கோயில் என நகரின் மேற்குப் பக்கச் சாலைகள் காலை நேர ஓட்டத்துக்குப் பெயர் பெற்றவை. 1908 செப்டம்பரில் மூசி நதியின் வெள்ளம் ஊரை அழித்த பிறகு, மறுபடி அப்படி நேராமல் காக்கக் கட்டப்பட்டவை அந்த இரண்டு ஏரிகளும். கரையோரத்தில் காற்றும் நிழலும் கிடைக்கும். ஆனால் ஒரு சாலை பிரகாசமாகத் தெரிவதால் அது பாதுகாப்பானது என்று முடிவுகட்டக் கூடாது. எத்தனை பேர் போனார்கள் என்பதை அது காட்டும். எந்தக் கிழமையில் போனார்கள், எப்படித் திரும்பினார்கள் என்பதைக் காட்டாது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு அமைதியாக இருக்கும் சாலை, புதன் மாலையில் லாரிகளால் நிறைந்திருக்கும்.

விகாராபாத்துக்கும் செவெள்ளாவுக்கும் போகும் பழைய நெடுஞ்சாலை இதற்கு வருத்தமான எடுத்துக்காட்டு. இருபுறமும் நூற்றுக்கணக்கான ஆலமரங்கள் விழுது விட்டு நிற்கும் அழகான சாலை அது. பல பகுதிகளில் இருவழிதான். சைக்கிள் ஒதுங்க ஓரம் கிடையாது. பேருந்துகளும் ஜல்லி ஏற்றிய டிப்பர்களும் வேகமாக வரும். 2025 நவம்பர் 3 அன்று செவெள்ளா அருகே டிப்பர் ஒன்று அரசுப் பேருந்தின் மீது மோதியதில் பயணிகள் பலர் உயிரிழந்தார்கள். சாலையை அகலப்படுத்தும் திட்டமும், மரங்களைக் காக்க நடந்த சட்டப் போராட்டமும் பல ஆண்டுகளாகப் பேசப்படுபவை. தூரமும் ஏற்றமும் மட்டும் பார்த்து வழி போடும் செயலிக்கு இவற்றில் எதுவும் தெரியாது.

நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் இந்தப் பாடத்தை அனுபவத்தில் கற்றிருக்கிறார்கள். பாரிஸின் ஆடாக்ஸ் கிளப் வகுத்த விதிகளின்படி நடக்கும் பிரெவே பயணங்கள் ஹைதராபாத்திலும் நடக்கின்றன. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், 300ஐ 20 மணிக்குள், 400ஐ 27 மணிக்குள், 600ஐ 40 மணிக்குள் முடிக்க வேண்டும். வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் அட்டையில் பதிவாக வேண்டும். பாதை, அறிவித்த தூரத்தை விடக் குறையக் கூடாது. அங்கே ஜிபிஎஸ் பதிவு வந்து போனதற்கு ஒரு சான்று. தண்ணீர், வெளிச்சம், காற்றின் திசை ஆகியவற்றை ஓட்டுபவரே யோசித்துக்கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஹைதராபாத்தில் மேல்காற்று பலமாக வீசும். சக்தி உள்ள காலைப் பொழுதில் காற்றை எதிர்த்து மேற்கே அனந்தகிரி நோக்கிப் போனால், களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளிக்கொடுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் நாற்பது டிகிரியைத் தொடும் வெயிலில், மரமில்லாத நேர்சாலை குறைந்த ஏற்றம் கொண்டிருந்தாலும் கடினமான வழிதான்.

பகிர்வதிலும் எச்சரிக்கை தேவை. 2018 ஜனவரியில், ஸ்ட்ராவாவின் வெப்ப வரைபடத்தில் பாலைவனங்களுக்கு நடுவே ராணுவ முகாம்களின் எல்லைகள் பளிச்சென்று தெரிவது உலகச் செய்தியானது. வீரர்கள் முகாமைச் சுற்றி ஓடிய பதிவுகளே அவற்றைக் காட்டிக்கொடுத்தன. ஒருவர் தினமும் எந்த வாசலில் கிளம்பி எந்த வாசலில் முடிக்கிறார் என்பதும் அதே மாதிரி வெளியே தெரியும். வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும் வசதி செயலியிலேயே இருக்கிறது; அதை முதல் நாளே போட்டுவிட வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியவை. கிளம்பும் முன் திறந்தவெளியில் ஒரு நிமிடம் நின்று கருவி கோள்களைப் பிடிக்கட்டும். ஒவ்வொரு வினாடியும் பதியும்படி அமைப்பை மாற்றிக்கொள்ளலாம். மின்தகட்டுக் கூரைக்குக் கீழே தினமும் ஓட்டுகிறவருக்கு, விலை உயர்ந்த புதுக் கருவியை விடச் சக்கர உணரி அதிகம் பயன்படும். புதிய வழியைத் திரையில் வரைந்தபின், செயற்கைக்கோள் படத்தில் சாலையின் ஓரத்தைப் பார்த்து, அந்த வழியில் போய் வந்த ஒருவரையாவது கேட்டு, முதல் முறை விடுமுறை நாள் விடியலில் போய்ப் பார்ப்பது நல்லது.

போய் வந்த பிறகு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கணக்குத் தொடங்கித் திருத்தம் செய்யலாம். எந்தச் சர்வீஸ் ரோடு பாதியில் முடிகிறது, எது மண் சாலை, எங்கே சைக்கிளுக்குத் தடை என்று கண்ணால் பார்த்தவர் பத்து நிமிடம் செலவழித்துக் குறித்து வைத்தால், அந்த வரைபடத்தை நம்பி வழி கேட்கும் எல்லாச் செயலிகளுக்கும் அது போய்ச் சேரும். ஹைதராபாத்திலோ சென்னையிலோ கோவையிலோ இந்த ஞாயிறு சைக்கிளை எடுக்கிறவர்கள், தங்கள் பதிவைப் பகிர்வதோடு அந்தத் திருத்தத்தையும் செய்துவிட்டால், அடுத்து வரும் சைக்கிளுக்கு நல்ல சாலை கிடைக்கும்.